இறால் ஏன் விடியப்புறம் கரைக்கு வருகிறது?

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"சேர், வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் குளம் வெட்டி நன்னீர் இறாலும் கொஞ்சம் கட்லா, திலாப்பியாவும் விட்டிருக்கிறோம். தொடக்கத்தில் கோழி எரு கரைத்து விட்டோம். தினமும் இரண்டு நேரம் தவிடும் புண்ணாக்கும் போடுகிறோம். ஒரு மாதமாக இறால் வளரவே இல்லை என்று தீனியைக் கூட்டினோம். போன கிழமை மூன்று நாள் ஒரே மப்பு, காற்றே இல்லை. மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்குப் போனால் இறால் எல்லாம் கரையோரம் ஒதுங்கி நிற்கிறது, சிலது மண்ணிலேயே ஏறிக் கிடக்கிறது, கையால் பிடிக்கலாம். செத்ததில் பாதி ஓடு மெத்தென்று இருந்தது. பெரிய கட்லா நாலு செத்து மிதந்தது. சின்னத் திலாப்பியா வாயைத் திறந்து திறந்து மேலே நின்றது. கூனி, அந்தப் பொடி இறால், வெள்ளை வெள்ளையாகக் கரையில் ஒதுங்கியிருந்தது. எட்டு மணிக்கெல்லாம் மிச்சம் உள்ளே போய்விட்டது. அடுத்த நாள் விடியவும் இதே கதை. மேல்வயல் எங்கள் சித்தப்பாவின் மகனுடையது, இரண்டு வருடமாக வரம்புத் தகராறு. அந்தக் கிழமைதான் அவர் மருந்தடித்தார், அந்த வயலின் வடிச்சல் எங்கள் குளத்துக்குள்தான் விழுகிறது. அவர் நஞ்சு போட்டுவிட்டார் என்று இவர் பொலிசுக்குப் போக நிற்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நஞ்சா, இல்லையா? மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது? செத்த இறாலைச் சமைக்கலாமா?"

தங்கச்சி, முதல் வேலையாக அவரைப் பொலிசுக்குப் போகவிடாமல் இரண்டு நாள் பிடித்து வையுங்கள். நீங்கள் எழுதியதை நான் மூன்று தரம் வாசித்தேன், ஒவ்வொரு தரமும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது நஞ்சுச் சாவு இல்லை, மூச்சு முட்டின சாவு. உங்கள் குளத்தில் விடியப்புறம் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. அதுவும் போன கிழமை திடீரென்று வந்ததில்லை, ஒரு மாதமாக ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. இறால் வளரவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை நிறுத்தியது.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நஞ்சுக்கு நேரம் காலம் இல்லை. பகல் பன்னிரண்டுக்கு விழுந்தால் பன்னிரண்டுக்கே வேலை செய்யும், வெயில் ஏறியதும் "சரி, இனிப் போய் மேயுங்கள்" என்று விட்டுவிடாது. உங்கள் இறால் எட்டு மணிக்குத் தானாக உள்ளே திரும்பியிருக்கிறது, மறுநாள் விடிய மறுபடி ஏறியிருக்கிறது. அது ஒட்சிசனின் கடிகாரம். அடுத்தது, பெரிய கட்லா செத்தது, சின்னத் திலாப்பியா தப்பியது. ஒட்சிசன் குறைந்தால் அனேகமாகப் பெரிய மீன்தான் முதலில் விழும், நஞ்சு என்றால் குஞ்சும் பொடியும் முன்னால் போகும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து கலந்திருந்தால் இன்னொரு விதமாக இருந்திருக்கும்: பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து இறாலையும் கூனியையும் மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும், ஏனென்றால் இறாலும் பூச்சியும் ஒரே பெருங்குடும்பம், நரம்பு ஏறத்தாழ ஒரே மாதிரி. மீன் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இறால் துடிதுடித்து, சுழன்று, இழுத்து இழுத்துச் சாகும். நீங்கள் கண்டது அப்படியில்லை, சோர்ந்து கரையோரம் வந்து நின்றிருக்கிறது.

ஆனால் நீங்கள் எழுதாத இரண்டு விஷயம் இருக்கிறது, அதைப் போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். குளத்தில் விரால், சுங்கான், பனையேறி ஏதாவது தானாக வந்து சேர்ந்திருக்கும், தம்பலகாமத்து வயல் வாய்க்காலோடு தொடர்புள்ள குளத்தில் அது இல்லாமல் இராது. அவை உயிரோடு இருக்கின்றனவா? இவை மூன்றும் மேலே வந்து காற்றை நேரே விழுங்கி மூச்சு விடக்கூடியவை, தண்ணீரில் ஒட்சிசன் இல்லாவிட்டாலும் தப்பும், நஞ்சிலிருந்து தப்பாது. அதேபோல நீர்வண்டு, தலைகீழாக நீந்துகிற பூச்சி, மேலே ஓடித்திரிகிற பூச்சி. நீர்வண்டு செட்டைக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழியைச் சுமந்துகொண்டு முங்கும், வெள்ளி மாதிரி மினுங்கும், பார்த்திருப்பீர்கள். அவை வழக்கம்போல ஓடித்திரிந்தால் மருந்து இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவையும் செத்து மிதந்தால் நான் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைசியில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்.

இனி உங்கள் குளத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். தண்ணீரில் ஒட்சிசன் மிகக் கொஞ்சம்தான் கரையும், நாம் அதை உணர்வதே இல்லை. ஒரு லீட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது, நம் ஊரின் 30 பாகைச் சூட்டில் ஒரு லீட்டர் நல்ல தண்ணீர் பிடித்து வைக்கக்கூடியது 7.5 மில்லிகிராம். உங்கள் கால் ஏக்கர் குளத்தில் சராசரி ஒரு மீற்றர் ஆழம் என்றால் பத்து இலட்சம் லீட்டர் தண்ணீர், அதற்குள் முழுவதாக நிரம்பியிருக்கும் ஒட்சிசன் ஏழரைக் கிலோ. அவ்வளவுதான். ஒரு கிலோ தவிடோ புண்ணாக்கோ தின்னப்படாமல் அடியில் போய் முழுக்க உக்கினால் அதுவும் ஏறத்தாழ ஒரு கிலோ ஒட்சிசனைத் தின்னும். இறால் வளரவில்லை என்று நீங்கள் கூட்டிப்போட்ட தீனியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மூச்சுக்கு இடமில்லாத இறால் தீனியைத் தொடாது, தொடாத தீனி அடியில் உக்கும், உக்கும்போது இருந்த கொஞ்ச ஒட்சிசனும் போகும், அடுத்த நாள் இறால் இன்னும் குறைவாகத் தின்னும். நீங்கள் பாசத்தில் செய்ததுதான், உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் சுழலை உங்கள் கைதான் சுற்றியிருக்கிறது.

சூட்டையும் மறக்கக்கூடாது. தண்ணீர் 20 பாகையில் 9 மில்லிகிராம் பிடிக்கும், 30 பாகையில் ஏழரை. ஒரு பக்கம் கொள்ளளவு குறைகிறது, மறுபக்கம் 10 பாகை ஏறினால் குளிர்க்குருதிப் பிராணியின் உடல் கேட்கிற ஒட்சிசன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நமது சிறுபோக வெயிலில் ஆழமில்லாத குளம் பின்னேரம் என்ன சூடு ஏறும் என்று காலை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

பகலில் பச்சைத் தண்ணீர் ஒட்சிசன் செய்கிறது. அந்தப் பச்சை என்பது கோடிக்கணக்கான நுண்பாசி, வெயிலைக் குடித்து ஒட்சிசனை விடும், பின்னேரம் மூன்று நாலு மணிக்குக் குளம் நிரம்பியிருக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி நம்மைப்போல மூச்சு வாங்கத் தொடங்கும். இரவு முழுக்கச் செய்வார் யாரும் இல்லை, எல்லோரும் குடிப்பவர்கள், பெரும்பங்கு குடிப்பது மீனும் இறாலும் இல்லை, பாசியும் அடிச்சேறும்தான். ஆகக் குறைவது விடிவதற்குச் சற்று முன். மப்பும் மந்தாரமுமாக மூன்று நாள் இருந்தது என்று எழுதினீர்கள், அந்த மூன்று நாளும் பகல் வரவு இல்லை, இரவுச் செலவு மட்டும். காற்று அடித்திருந்தால் தண்ணீர் மேல் அலை கிளம்பிக் கொஞ்சம் கலந்திருக்கும், சோளகக் காற்று ஓய்ந்து கிடந்ததால் அதுவும் இல்லை. தண்ணீருக்குள் ஒட்சிசன் தானாகப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெது, ஆகவே அசையாத தண்ணீரில் மேலே இருப்பது கீழே போய்ச் சேராது. இறாலோ அடியில் வாழ்கிற பிராணி. வீட்டில் ஆகத் தாழ்வான அறையில் குடியிருப்பவனுக்குத்தான் வெள்ளம் முதலில் என்பது மாதிரி, இல்லாமை முதலில் போய்ச் சேர்வது இறாலிடம்.

அதனால்தான் அது கரைக்கு வந்தது. கரையோரத் தண்ணீர் மெல்லிசு, காற்றோடு ஒட்டியிருக்கிறது, அங்கேதான் கடைசி ஒட்சிசன். மண்ணில் ஏறியது சாக இல்லை, செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று ஏறியது. லீட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் இறால் நன்றாக இருக்கும். 3க்குக் கீழே போனால் தீனி குறையும், வளர்ச்சி நிற்கும். 2க்குக் கீழே அது உயிரோடு போராடுகிறது. மெத்தென்ற ஓடு உள்ளவை அதிகம் செத்ததற்கும் காரணம் இருக்கிறது, ஓடு கழற்றும் நேரத்தில் அதற்கு ஒட்சிசன் மிக அதிகம் வேண்டும், அந்த நேரத்தில் இல்லாமல் போனால் கழற்றின இடத்திலேயே சரிந்துவிடும்.

இப்போது கூனியைப் பற்றிச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் எல்லோரும் கட்லாவை எண்ணுவார்கள், கூனியை யாரும் எண்ணுவதில்லை. இன்றைக்கே ஒரு ஜாம் போத்தலில் குளத்துத் தண்ணீரோடு ஒரு கூனியை அள்ளி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடம்பு கண்ணாடி, உள்ளே எல்லாம் தெரியும். தலைக்குப் பின்னால் முதுகோரம் ஒரு சின்னத் துடிப்பு, அது இருதயம். கன்னத்துப் பக்கம் ஓட்டுக்குள் ஒரு மடல் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், அதுதான் செவுளுக்குத் தண்ணீர் இழுக்கிற துடுப்பு. ஒட்சிசன் குறையக் குறைய அந்தத் துடுப்பு வேகமாக அடிக்கும், இருதயமோ மெதுவாகும், நமக்கு நடப்பதற்கு நேர்மாறு. அதன் இரத்தம் நம்முடையது மாதிரிச் சிவப்பில்லை, இரும்புக்குப் பதில் செப்பு, ஒட்சிசன் ஏறினால் இலேசான நீலம். வயிற்றில் முட்டை சுமக்கிற பெண்கூனி கிடைத்தால் இன்னும் நல்லது, நீந்துகிற கால்களால் முட்டைக் கொத்தை விசிறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முட்டைக்கும் ஒட்சிசன் போக வேண்டுமே என்று. தண்ணீரில் ஒட்சிசன் இல்லாதபோது அந்தத் தாய் தனக்கு மூச்சு வாங்குவதோடு முட்டைகளுக்கும் விசிறி விசிறியே களைத்துப்போகிறது. ஐந்து மணிக்கு உங்கள் கரையில் வெள்ளையாகக் கிடந்தது அப்படிப்பட்டவை. செத்தபிறகுதான் அந்த வெள்ளை, உயிரோடு இருக்கும்போது கண்ணாடி.

இந்தச் சின்னப் பிராணிகள் சாவதற்கு வெகு முன்னாலேயே சொல்லிவிடுகின்றன, பார்க்கத் தெரிந்தால் போதும். கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் அள்ளினால் ஊசிமுனையளவு புள்ளிகள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கும், புத்தகத்தில் அதைத் தண்ணீர்த்தெள்ளு என்பார்கள். சாதாரணமாக நிறமே இராது. ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் சில நாள் இருந்தால் அது தன் உடம்பில் ஈமோகுளோபினை, ஒட்சிசனைப் பிடிக்கிற சிவப்புப் பொருளை, கூடுதலாகச் செய்துகொள்ளும், இளஞ்சிவப்பாகிவிடும். சிவந்த தெள்ளு கண்டால் குளம் பல நாளாக மூச்சுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். அதோடு அது அடியை விட்டு மேல் மட்டத்துக்கு வந்து ஒடுங்கும், அங்கே மீன்குஞ்சு காத்துக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் இடி. இறால்குஞ்சுக்கும் மீன்குஞ்சுக்கும் இயற்கைத் தீனி அந்தத் தெள்ளுதான், அது போனால் நீங்கள் தவிட்டைக் கூட்டினாலும் ஈடாகாது.

அடிச்சேற்றில் ஒரு பிடி அள்ளிக் கழுவிப் பாருங்கள். மெல்லிய சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால், வேறு எதுவும் இல்லையென்றால், அதுவும் அதே செய்திதான். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்குகிற இரத்தப்புழு அது, உண்மையில் கடிக்காத ஒரு சின்ன ஈயின் குடம்பி, அதன் சிவப்பும் ஈமோகுளோபின்தான். மற்றவர்கள் ஓடிப்போன வீட்டில் அது மட்டும் தங்கும். சேறு கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அது ஐதரசன் சல்பைட்டு. பின்னேரம் இடியோடு ஒரு மழை கொட்டி மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் புரண்டால் அந்த வாயு மேலே கலந்து, நஞ்சு யாரும் போடாமலே குளமே நஞ்சாகும்.

தும்பியின் குடம்பியை நீங்கள் கண்டிருப்பீர்கள், மண்நிறத்தில் அவலட்சணமாக அடியில் இருக்கும். அது வால்பக்கத்தால் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயிருக்கிற செவுளால் மூச்சு விடுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அது செடித்தண்டில் ஏறி வால்முனையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டும். விடிய ஒரு டோர்ச்சோடு போய்ப் பாருங்கள், எத்தனை வால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று. ஆனால் நுளம்புக் குடம்பிக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, அது குழாய் வைத்து மேல்காற்றை இழுக்கிறது, தண்ணீர் எவ்வளவு கெட்டாலும் பிழைக்கும். அதைத் தின்கிற தும்பிக் குடம்பியும் மீன்குஞ்சும் செத்த குளத்தில் நுளம்பு பெருகும் என்பதால் இது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விஷயமும்தான்.

எல்லா உயிருக்கும் ஒரே எல்லை இல்லை. உங்கள் ஊர்க் குடாவையே எடுங்கள், தம்பலகாமக் குடாவில் ஒரு காலத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடுள்ள சிப்பியை எடுத்து அதிலிருந்து பொடிமுத்து சேர்த்தார்கள். சிப்பி இனம் ஒட்சிசன் குறைந்தால் ஓட்டை இறுக்கி மூடி, உடம்பின் வேலையைத் தாழ்த்தி, ஒரு நாள் இரண்டு நாள்கூடத் தாக்குப் பிடிக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் மூட ஓடு இல்லை, ஓடித் தப்பவேண்டும், ஓட உங்கள் குளத்தில் கரையைத் தவிர இடம் இல்லை.

ஒரு விஷயம் எனக்கு மறக்கவே முடியாதது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூதூர்ப் பக்கம் ஒரு குளத்துக்குக் கூப்பிட்டார்கள், "இறால் ஒரு மாதிரி இருக்கிறது" என்று. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தது காலை பத்து மணி. மேல் தண்ணீரை அள்ளிச் சோதித்தேன், கணக்கு நன்றாக வந்தது, "தண்ணீரில் பிழையில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் விடியப்புறம் அந்தக் குளம் முழுவதும் போய்விட்டது. அந்த அண்ணை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் நோகிறது. அதன்பிறகு ஒரு நாள் அங்கேயே தங்கி, நாலரை மணிக்கு எழும்பி, அவரோடு இன்னொரு குளத்தில் இறங்கினேன். கல் கட்டின போத்தலை மூடியோடு அடிக்கு இறக்கி, நூலால் மூடியை இழுத்து, அடித்தண்ணீரை நிரப்பினோம். அதற்குள் இரண்டு மருந்து விட வேண்டும், 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டுபிடித்த முறை. ஒட்சிசன் இருந்தால் போத்தலுக்குள் தேயிலைச் சாயம் மாதிரிக் கபிலத் துகள் திரளும். லாம்பு வெளிச்சத்தில் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். துகள் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இறங்கியது. கபிலமே இல்லை. வெள்ளை என்றால் அந்தத் தண்ணீரில் ஒட்சிசன் இல்லை. அதே இடத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு எடுத்த மேல்தண்ணீர் கடும் கபிலம்.

ஆகவே யாராவது பகலில் வந்து மேல்தண்ணீரைப் பார்த்து "நல்லது" என்று சொன்னால் ஏற்காதீர்கள். விடிவதற்கு முன், அடித்தண்ணீர். திருகோணமலையில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தர்களைக் கேட்டால் மீற்றர் கொண்டுவந்து பார்ப்பார்கள், ஆனால் அந்த நேரத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் நீங்களே எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு இறால் கரையேறியது, எத்தனை மணிக்குத் திரும்பியது, முந்தைய பகல் வெயிலா மப்பா.

இன்றிரவு செய்ய வேண்டியது இது. தீனியை நிறுத்துங்கள், ஒரு பிடியும் வேண்டாம், மூன்று நாள் பட்டினியால் இறால் சாகாது. வயலுக்கு வைத்திருக்கிற தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து, உறிஞ்சும் குழாயைச் சேற்றில் படாமல் தண்ணீரின் பாதி ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டு, வெளியே வரும் தண்ணீரை ஓட்டைபோட்ட தகரத்தில் விழுத்திக் குளத்துக்குள்ளேயே மழை மாதிரிச் சிதற விடுங்கள். எவ்வளவு பொடியாகச் சிதறுகிறதோ அவ்வளவு காற்றுப் பிடிக்கும். இரவு பதினொன்றுக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை ஓட்டுங்கள், இறால் கரைக்கு வந்தபிறகு ஓட்டினால் பிந்திவிடும். வாய்க்காலில் ஓடுகிற சுத்தமான தண்ணீர் கிடைத்தால் கால்வாசிக் குளத்து அடித்தண்ணீரை வெளியேற்றி அதை நிரப்பலாம், கிணற்றுத் தண்ணீர் என்றால் அதையும் சிதற விட்டே விடுங்கள், கிணற்று ஆழத்துத் தண்ணீரிலும் ஒட்சிசன் குறைவாகவே இருக்கும். இளைஞர்கள் இறங்கிக் கலக்கினால் நல்லது என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள், கலங்கின சேறு இருக்கிறதையும் குடித்துவிடும். சுண்ணாம்பு கொட்டச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கு வேறு பயன் உண்டு, ஒட்சிசன் அதிலிருந்து வராது. ஆக ஆபத்தானது பாசியைக் கொல்ல மருந்து போடுவது: பாசி ஒரே நாளில் செத்து, ஒரே நாளில் உக்கத் தொடங்கும், பிறகு பம்பாலும் மீட்க முடியாது.

ஒரு கிழமை போய்க் குளம் தெளிந்ததும், கையை நேரே தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை தண்ணீரைத் தொடும் நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் பச்சை அளவாக இருக்கிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே வரும்போதே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, தீனியையும் எருவையும் நிறுத்தித் தண்ணீர் மாற்ற வேண்டும். எரு இனி வேண்டாம், வயல் வடிச்சலே வேண்டிய அளவுக்குமேல் பசளை கொண்டுவருகிறது. தீனியை ஒரு தட்டில் வைத்து அடியில் இறக்கி, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அடுத்த நாள் அரைவாசி ஆக்குங்கள். அறுவடை முடிந்து குளத்தை வற்றவிடும்போது கறுத்த சேற்றை வெட்டி வெளியே போட்டு, வெயிலில் நிலம் வெடிக்கும்வரை காயவிடுங்கள். சில பொடிப் பிராணிகளின் முட்டைகள் ஒட்சிசனில்லாச் சேற்றில் பொரிக்காமல் உறங்கிக் கிடந்து, ஒட்சிசன் திரும்பியதும் பொரிக்கும், ஆகவே உங்கள் குளம் ஒரேயடியாகச் செத்துவிட்டது என்று மனம் விடாதீர்கள், அந்தச் சேற்றிலேயே விதை இருக்கிறது.

இனி உங்கள் சித்தப்பா மகன். அவர் நஞ்சு போடவில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவர் வயலின் யூரியாவும் மண்பசளையும் வடிச்சலோடு வந்து உங்கள் பாசியை வளர்த்திருக்கிறது, உங்கள் எருவும் புண்ணாக்கும் அதோடு சேர்ந்திருக்கிறது. இது குற்றம் இல்லை, தண்ணீர் போகிற பாதை அப்படி. பொலிசில் முறைப்பாடு எழுதி, பிறகு அது நஞ்சில்லை என்று தெரிந்தால் அந்த வரம்பு இரண்டு தலைமுறைக்கு அடைபடாது. அதைவிட நீங்களே போய், அவர் மனைவியோடு பேசினாலும் சரி, பசளை போட்டபிறகும் மருந்தடித்தபிறகும் ஒரு கிழமை வடிச்சலைக் குளத்துப் பக்கம் திறக்காமல் வயலுக்குள்ளேயே தேக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் பசளையும் அவர் வயலிலேயே நிற்கும், அவருக்கும் இலாபம். உங்கள் பக்கத்தில் வடிச்சல் விழுகிற வாயில் ஒரு மண்கட்டும் பலகையும் போட்டு, திறப்பதும் மூடுவதும் உங்கள் கையில் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

செத்த இறாலைச் சமைக்க வேண்டாம். மூச்சு முட்டிச் செத்ததில் நஞ்சு இல்லைதான், ஆனால் எத்தனை மணிக்குச் செத்தது என்று தெரியாத இறால் இந்தச் சூட்டில் மிக விரைவாகப் பழுதாகும், அதோடு விராலையும் நீர்வண்டையும் இன்னும் நீங்கள் பார்க்கவில்லை. தூரத்தில் கிடங்கு வெட்டிப் புதையுங்கள், குளத்துக்குள் விட்டால் அதுவும் உக்கி ஒட்சிசன் தின்னும்.

விராலும் செத்து நீர்வண்டும் செத்திருந்தால், அல்லது இறால் பட்டப்பகலில் துடித்துச் செத்தால், அப்போது இரண்டு கண்ணாடிப் போத்தலை அதே குளத்துத் தண்ணீரால் மூன்று தரம் கழுவி, காற்று இடைவெளி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடி, கறுத்தத் துணியில் சுற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள். புதிதாகச் செத்த இறால் பத்தை வேறாக உறையவிடுங்கள். நாளும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரர் எங்கே போவதானாலும் அதோடு போகட்டும்.

நாளை விடிய நாலரைக்கு எழும்பி, டோர்ச்சும் ஜாம் போத்தலும் எடுத்துக்கொண்டு நீங்களும் அவரும் சேர்ந்தே குளத்தடிக்குப் போங்கள். கூனி எங்கே நிற்கிறது, தெள்ளு என்ன நிறம், தும்பிக் குடம்பி வால் நீட்டுகிறதா, விரால் மேலே வந்து காற்று விழுங்குகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.